யாருக்கு நன்றி: 1978 சூறாவளியில் இரண்டு வீடுகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பில் வயதானவர்களிடம் பழைய சம்பவம் ஒன்றின் ஆண்டைக் கேட்டால், பலர் "சூறாவளிக்கு முந்தி" அல்லது "சூறாவளிக்குப் பிந்தி" என்றுதான் தொடங்குவார்கள். வேறு அடையாளம் தேவைப்படுவதில்லை. 1978 நவம்பர் 23, வியாழக்கிழமை. வங்காள விரிகுடாவின் தென்பகுதியில் சில நாள்களாக வளர்ந்து வந்த புயல் மட்டக்களப்புக் கரையில் ஏறியது. பிறகு உள்நாட்டை ஊடறுத்துப் போய், மறுநாள் தமிழ்நாட்டுக் கரையையும் தாக்கியது. இலங்கையில் 900க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏறத்தாழ 10 இலட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னந்தோட்டங்களில் பத்தில் ஒன்பது பங்கு விழுந்தது. நெற்களஞ்சியங்கள் 11இல் 9 அழிந்தன. மீன்பிடிக் கலங்களில் ஐந்தில் ஒரு பங்கு இல்லாமல் போயிற்று.

இழந்தவை இப்படி எண்ணப்பட்டிருக்கின்றன. தப்பியவர்கள் யார் யாருக்கு நன்றி சொன்னார்கள் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. அது பதிவுக்குரிய விடயமாகவே தோன்றியிருக்காது. எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. அனர்த்தத்துக்குப் பின் ஓர் ஊர் எப்படி எழுந்து நிற்கிறது என்பதில், கிடைத்த தகரத்துக்கும் அரிசிக்கும் உள்ள அளவுக்கு இந்த நன்றிக்கும் பங்குண்டு என்று நம்புகிறேன். ஆகவே ஆரையம்பதிக்கும் காத்தான்குடிக்கும் இடைப்பட்ட பகுதியில் அடுத்தடுத்து இருந்த இரண்டு வீடுகளை எடுத்துக்கொண்டேன். ஒன்று தமிழ்க் குடும்பம், மற்றது முஸ்லிம் குடும்பம். அன்றிரவை வாழ்ந்து கடந்த மூவர் பேசினார்கள்: தமிழ் வீட்டுத் தாய், அவருடைய கணவர், முஸ்லிம் வீட்டுத் தலைவி. மூவருடைய பெயரையும் இங்கே தரவில்லை. தாயை அக்கா என்றும், கணவரை அண்ணன் என்றும், பக்கத்து வீட்டவரை ராத்தா என்றும் குறிப்பிடுகிறேன். நான் அவர்களை அழைத்ததும் அப்படித்தான்.

இடமும் மனிதரும்

வாவிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயல் பரந்த படுவான்கரை. வீடு இந்தப் பக்கம், வேளாண்மை அந்தப் பக்கம் என்பது இங்கே பல குடும்பங்களின் வாழ்க்கை முறை. கார்த்திகையில் மாரிப் பயிர் வளர்ந்துகொண்டிருக்கும். ஆண்கள் தோணியில் வாவியைக் கடந்து போய், வயல் வாடியில் நாள்கணக்கில் தங்கிக் காவல் இருப்பார்கள். அண்ணன் அன்று அங்கேதான் இருந்தார். ஒரு போடியாரின், அதாவது பெரிய நிலக்காரரின், காணியில் முல்லைக்காரராக, அதாவது வயலைப் பார்த்துக்கொள்ளும் வேலையாளாக, இருந்துவந்தார்.

வீட்டில் அக்காவும், அவருடைய தாயாரும், மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். கடைசிப் பிள்ளை கைக்குழந்தை. மண்சுவர், கிடுகுக் கூரை. வீடும் வளவும் அக்காவுக்குச் சீதனமாக வந்தவை. வீடு பெண்ணின் வழியாகவே கைமாறுவது இந்தக் கரையோர ஊர்களில், தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், நெடுங்காலப் பழக்கம். இந்தச் செய்தி பின்னால் நிவாரணம் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

வேலிக்கு அப்பால் ராத்தாவின் வீடு. அவருடைய கணவர் நெல் வாங்கி விற்பவர். ஓட்டு வீடு. அதன் பின்புறத்தில் மூட்டை அடுக்குவதற்காகக் கல்லால் கட்டி, மேலே கொங்கிரீட் தட்டுப் போட்ட ஓர் அறை இருந்தது. கதவு தெற்கே பார்த்தது. அந்த அறைதான் இந்த ஆய்வின் நடுநாயகம்.

அன்றிரவு

ரேடியோவில் புயல் பற்றிய செய்தி வந்தது ராத்தாவின் வீட்டில் கேட்டிருக்கிறது. கேட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை என்றார் ராத்தா. மாரி காலத்தில் காற்றும் மழையும் ஆண்டுதோறும் வருபவைதானே. எங்கே போக வேண்டும், எப்போது போக வேண்டும், எந்தக் கட்டடம் தாங்கும் என்று சொல்லாத எச்சரிக்கை, கேட்டவர் மனத்தில் வெறும் செய்தியாகவே தங்கிவிடுகிறது. அக்காவின் வீட்டில் ரேடியோவே இல்லை.

பொழுது சாய்ந்தபின் காற்று வடக்கிலிருந்து வலுத்தது. முதலில் முகட்டுக் கிடுகு கிளம்பியது. பிறகு வரிச்சோடு சேர்த்துக் கூரையின் ஒரு பக்கமே போய்விட்டது. மழை கல் எறிவதுபோல் விழுந்தது என்றார் அக்கா. குழந்தையைச் சேலைக்குள் சுற்றி மண்சுவரோடு ஒண்டிக்கொண்டிருந்தார். அந்தச் சுவரும் நனைந்து கரையத் தொடங்கியது. அப்போது வேலியைப் பிரித்துக்கொண்டு ராத்தாவின் கணவர் வந்தார். இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை அவர் வீட்டுத் தூணில் இருந்தது. "கயிற்றைப் பிடித்துக்கொண்டு வா தங்கச்சி, சாமான் ஒன்றும் எடுக்காதே" என்றாராம். முதலில் கிழவியையும் பெரிய பிள்ளைகளையும் கூட்டிப்போனார். பிறகு திரும்பி வந்து அக்காவையும் குழந்தையையும் கூட்டிப்போனார். இரண்டாம் முறை போகும்போது பக்கத்துத் தென்னைகள் ஒவ்வொன்றாக முறியும் ஓசை, காற்றின் ஓசைக்கு மேலாகக் கேட்டது.

மூட்டை அறையில் அதற்குள் பல குடும்பங்கள் வந்துவிட்டன. தமிழரும் முஸ்லிம்களும் நெல்மூட்டைகளின்மேல் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மூலையில் பிரார்த்தனை, இன்னொரு மூலையில் கண்ணகையம்மனுக்கு நேர்த்தி. அரிக்கன் இலாம்பு ஒன்று எரிந்து, எண்ணெய் தீர்ந்து, அணைந்துபோயிற்று.

பிறகு காற்று நின்றது. திடீரென்று, முற்றாக. புயல் முடிந்ததென்றே எல்லோரும் நினைத்தார்கள். சிலர் வீடு என்னவாயிற்று என்று பார்க்க எழுந்தார்கள். ஒருவர் ஆட்டைக் கட்டியிருந்த இடத்துக்குப் போகப் புறப்பட்டார். கரைவலை இழுத்து வாழ்ந்த ஒரு முதியவர் வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டார். "ஒருவரும் போகாதீர்கள். இது திரும்பி வரும். தெற்கே இருந்து வரும்" என்றார். தம் தகப்பனார் பழைய புயல் ஒன்றைப் பற்றிச் சொன்னது அவருக்கு நினைவில் இருந்திருக்கிறது.

அவர் சொன்னது சரியானது. நமது பக்கத்துப் புயல்கள் இடஞ்சுழியாகச் சுழல்பவை. கிழக்கிலிருந்து வரும் புயலின் நடுப்பகுதி ஓர் ஊரைக் கடக்கும்போது, முன்பாதியின் காற்று வடக்கிலிருந்து வீசும். நடுவே கண் எனப்படும் அமைதியான பகுதி. அது நகர்ந்ததும் பின்பாதி நேர் எதிர்த்திசையிலிருந்து அறையும். முன்பாதியில் ஆட்டங்கண்ட சுவர் பின்பாதியில் விழும். முன்பாதியில் தப்பி அமைதியில் வெளியே வந்தவர்கள் பின்பாதியில் பறக்கும் தகரத்துக்கும் விழும் மரத்துக்கும் பலியாவார்கள். புயல் பற்றி ஒரே ஒரு பாடம்தான் பள்ளிக்கூடத்தில் நடத்த முடியும் என்றால், இந்த அமைதியைப் பற்றியே நடத்துங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்பேன்.

தெற்குக் காற்று வந்தபோது அறையின் கதவு அதன் நேர் முகத்தில் இருந்தது. அதுவரை மறைவாக இருந்த பக்கம் இப்போது காற்றின் வாயில். தாழ்ப்பாள் பெயர்ந்தது. உள்ளே இருந்த ஆண்கள், பெண்கள், வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் கதவின்மேல் சாய்ந்தார்கள். மூட்டைகளை இழுத்துக் கதவோடு அடுக்கினார்கள். மூட்டையின்மேல் ஆள்களும் ஏறி உட்கார்ந்தார்கள். விடியும்வரை மாறி மாறி அப்படியே இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமையும் அதன் பிறகும்

விடிந்து வெளியே வந்தபோது ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியவில்லை என்று அக்காவும் ராத்தாவும் தனித்தனியாகச் சொன்னார்கள். தென்னைகள் நின்ற காலத்தில் தெரியாத கடல், வீட்டு வாசலிலிருந்து தெரிந்தது. விழுந்த மரங்கள் பாதையை மூடியிருந்தன. அக்காவின் வீட்டில் அடுப்படித் திண்ணை மட்டும் மிஞ்சியிருந்தது. ராத்தாவின் வீட்டு ஓடுகள் முழுவதும் போய்விட்டன. அந்த அறை நின்றது.

ஈரமான நெல் முளைத்துவிடும் முன் அவித்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தவர் ராத்தாவின் மாமியார். முறிந்த தென்னை விறகாயிற்று. விழுந்த மரங்களின் குருத்தை வெட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அது இனிப்பாக இருந்தது, ஆனால் நாளாக ஆக அதன் வாசமே பிடிக்காமல் போயிற்று என்றார் அக்கா. ஒரு தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் வேண்டும். கிடுகு, எண்ணெய், கயிறு, கறிக்குப் பால் எல்லாம் அந்த மரத்திலிருந்துதான் வந்தன. புயலுக்கு அடுத்த வாரத்துப் பசியைவிட அடுத்த ஆண்டுகளின் வெறுமையே அக்காவை அதிகம் வாட்டியிருக்கிறது. தேங்காயைக் காசு கொடுத்து வாங்க நேர்ந்ததை, வீடு போனதைச் சொன்னபோது இல்லாத கோபத்தோடு சொன்னார்.

அண்ணன் சில நாள்கள் கழித்து வந்தார். வாடி பறந்த பிறகு அவரும் கூட இருந்த ஓர் இளைஞரும் வயல் வரம்பின் மறைவில் குப்புறப் படுத்திருந்தார்கள். அமைதி வந்தபோது இளைஞர் எழுந்து மாடுகளைப் பார்க்கப் போனார். அவருடைய உடலை மறுநாள் அண்ணன்தான் கண்டெடுத்தார். வாவியில் தோணிகள் இல்லை. கிடைத்த மரத்தைப் பிடித்து மிதந்தும், ஆழமில்லாத இடத்தில் நடந்தும் இக்கரை சேர்ந்தார். இவ்வளவையும் எனக்குச் சொன்னவர் அக்கா. அண்ணன் பக்கத்தில் இருந்தும் இந்தப் பகுதியில் வாய் திறக்கவில்லை.

நிவாரணம் வந்தது. அரிசி, மா, துணி, பிறகு தகரம். வீடு கட்டும் உதவிக்கான படிவத்தில் குடும்பத் தலைவர் என்று ஆணின் பெயரையே எதிர்பார்த்தார்கள். வீடு தன் சீதனம் என்று அக்கா சொன்னபோது அதற்குப் படிவத்தில் இடமில்லை. வாக்குவாதம் வந்தது. பொறுப்பாக இருந்தவர், "உயிர் தப்பினாயே, முதலில் அதற்கு நன்றி சொல்" என்றார். அக்கா பேசாமல் திரும்பிவிட்டார். 2004 சுனாமிக்குப் பின் கட்டிக்கொடுக்கப்பட்ட வீடுகளின் உரிமைப் பத்திரத்திலும் இதே சிக்கல் கிழக்கில் எழுந்தது. பெண்ணின் பெயரில் இருந்த வீடு அழிந்து, புதிய வீடு ஆணின் பெயரில் வந்த குடும்பங்கள் உண்டு.

நன்றி சொன்னவர்களும் சொல்லாதவரும்

அக்காவிடம் நன்றி பற்றிக் கேட்டால் வரிசை தெளிவாக இருக்கிறது. முதலில் கயிற்றோடு வந்த காக்கா, அதாவது ராத்தாவின் கணவர். அடுத்து வாசலில் உட்கார்ந்த முதியவர். அதன்பின் கண்ணகையம்மன். நேர்ந்தபடி அடுத்த வைகாசியில், அம்மனுக்கு நடக்கும் குளிர்த்திச் சடங்கில், பொங்கல் வைத்தார். வீடில்லாத ஆண்டில் பொங்கலுக்கு அரிசி எப்படிச் சேர்த்தார் என்று கேட்டேன். கொடுத்தார்கள் என்றார். கொடுத்தவர்களில் ராத்தாவும் ஒருவர்.

ராத்தாவின் பேச்சில்தான் நான் எதிர்பாராதது இருந்தது. காப்பாற்றியது தாங்கள் என்ற தொனியே அவரிடம் இல்லை. "அன்றைக்கு நாங்கள் எங்கள் வீட்டார் மட்டும் அந்த அறையில் இருந்திருந்தால் கதவு போயிருக்கும். கதவு போனால் அறை போயிருக்கும். அத்தனை பேர் சாய்ந்ததால்தான் நின்றது. அல்லாஹ் அவர்களை எங்களிடம் அனுப்பினான்" என்றார். ஆக, அக்கா தன்னைக் கடன்பட்டவராக நினைக்கிறார், ராத்தா தன்னையே கடன்பட்டவராக நினைக்கிறார். இருவரும் ஒருவருக்கொருவர் இதை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டதாகவும் தெரியவில்லை. பிள்ளைப்பேறு, கல்யாணம், மையித்து எனப்படும் சாவு வீடு, பெருநாள் பலகாரம், பொங்கல் என்று போக்குவரத்திலேயே அது ஓடியிருக்கிறது. கொடுத்தவர் மேலே, வாங்கியவர் கீழே என்ற நிலை இந்த இரண்டு வீடுகளுக்கு இடையே ஏற்படாமல் போனதற்கு ராத்தாவின் அந்தப் பார்வையே காரணம் என்று கருதுகிறேன்.

1992இல் தென் புளோரிடாவை அழித்த அன்ட்ரூ புயலுக்குப் பிறகு அங்கே பெற்றோர் சிலரிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்விலும், இழக்காமல் மிஞ்சியவற்றைப் பற்றிய நன்றியுணர்வு மேலோங்கி நின்றது. வீட்டை இழந்தவர்கள், பிள்ளைகள் இருக்கிறார்களே என்று நெகிழ்ந்து பேசினார்கள். அக்காவிடமும் அது உண்டு. ஆனால் இங்கே நான் கண்டதில் அதைவிட வலுவாக இருந்தது, ஆள்களை நோக்கிய நன்றி. எது மிஞ்சியது என்று சொல்வதற்கு முன், யார் வந்தார் என்று அவர் சொன்னார்.

அண்ணன் நன்றி சொல்லவில்லை. ஒருமுறை நான் மெல்லக் கேட்டபோது, "அவன் வீட்டுக்கு நான் எப்படிப் போவேன்" என்று மட்டும் சொன்னார். இறந்த இளைஞரின் தாய் உயிரோடு இருந்தவரை, அறுவடைக்குப் பின் ஒரு மூட்டை நெல் அந்த வீட்டுக்குப் போனது என்று அக்கா பிறகு சொன்னார். அண்ணன் தாமே கொண்டுபோனதில்லை. ஒவ்வோராண்டும் வேறு யார் மூலமோ அனுப்பினார். தப்பியதற்காக மகிழ அவரால் முடியவில்லை. அப்படி மகிழும்படி அவரைச் சுற்றியிருந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தது அவரை இன்னும் ஒதுக்கியிருக்கிறது. "கடவுள் காப்பாற்றினார்" என்று யாராவது சொன்னால் எழுந்து போய்விடுவாராம். அந்த இளைஞனை ஏன் காப்பாற்றவில்லை என்ற கேள்விக்கு அந்த வாக்கியத்தில் பதில் இல்லை.

இங்கேதான் என் கருத்தை உறுதியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தானாக எழுந்த நன்றி இந்த இரண்டு வீடுகளை இணைத்தது. வெளியிலிருந்து கேட்கப்பட்ட நன்றி இரண்டு பேரின் வாயை அடைத்தது: படிவத்தின் முன் நின்ற அக்காவை, துக்கத்தில் இருந்த அண்ணனை. முதலாவதைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு இரண்டாவதைப் பேசாமல் விட்டால், இந்த நிகழ்வின் பாதியை மறைத்தவர்கள் ஆவோம். காக்காவுக்கு நன்றி சொன்ன அதே அக்காவுக்கு, எச்சரிக்கை ஏன் எங்கள் வளவுவரை வரவில்லை என்று கேட்கும் உரிமையும் உண்டு. ஒன்று மற்றதைக் குறைப்பதில்லை.

1990, 2004

இந்த உறவு சோதிக்கப்படாமல் இருந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்தக் காலத்தில் தமிழ் ஊர்களிலும் இரத்தம் ஓடியது. வேலிக்கு இருபுறமும் இருந்த மனிதர் தத்தம் ஊரின் நடுப்பகுதிக்கு இடம்பெயர்ந்தார்கள். பல ஆண்டுகள் இந்த இரு குடும்பமும் சந்திக்கவில்லை. ஏன் என்று கேட்டபோது இருவரும் பயம் என்றார்கள். வெறுப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை. 1978இன் நினைவு அந்தக் கொடுமைகளைத் தடுத்துவிடவில்லை. அவ்வளவு பெரிய சுமையை இரண்டு வீடுகளின் நன்றியின் மேல் ஏற்றுவதும் நியாயமில்லை. திரும்பிப் போவதற்கு ஒரு வழியை மட்டும் அது வைத்திருந்தது.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது ராத்தாவின் மகள் குடும்பம் கரையோர வீட்டை இழந்து பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கியிருந்தது. அக்கா சோறு சமைத்துத் தன் மகனிடம் கொடுத்தனுப்பினார். மகனுக்கு அந்த வீட்டாரை முகம் தெரியாது. "மூட்டை அறை வீட்டுப் பேத்தி எங்கே என்று கேள்" என்று சொல்லி அனுப்பினாராம். 1978இன் கடன் அன்று தீர்ந்ததா என்று கேட்டேன். அந்தக் கேள்வி அக்காவுக்குப் பிடிக்கவில்லை. பேச்சை மாற்றிவிட்டார்.

களப்பணிக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை

1980இல் அரசு, பலத்த காற்றைத் தாங்கும் கட்டடங்களுக்கான வழிகாட்டியை வெளியிட்டது. நாட்டை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்தது. கிழக்குக் கரை கடுமையான வலயத்தில் இருக்கிறது. கூரையை வளையோடும், வளையைச் சுவரோடும், சுவரை அத்திவாரத்தோடும் விடாமல் பிணைப்பதே அதன் அடிப்படை. தச்சரும் மேசனும் வேலை செய்யும் இடத்தில் அது பின்பற்றப்படுகிறதா என்று வீடு கட்டுபவர் ஒவ்வொருவரும் நின்று பார்க்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் அனர்த்த முகாமைத்துவச் சட்டத்துக்குப் பிறகு எச்சரிக்கை முறைகளும் 1978ஐவிட எவ்வளவோ முன்னேறியிருக்கின்றன.

ஆனால் கிராமங்களில் தயார்நிலைத் திட்டம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடம், கோயில் மண்டபம், பள்ளிவாசல் ஆகியவற்றைப் பட்டியலிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். இரவில், கைக்குழந்தையோடு, கிழவியோடு, காற்று தொடங்கிய பிறகு ஒருவர் போகக்கூடிய தூரம் ஒரு வேலிதான். ஆகவே பழைய ஆள்களிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: அன்று யார் கதவு திறந்தது? இன்று அந்தத் தூரத்தில் தாங்கக்கூடிய கூரை யாரிடம் இருக்கிறது? பதிலாக வரும் வீடுகளைத் திட்டத்தில் எழுதுங்கள், அந்த வீட்டாரின் சம்மதத்தோடு. கதவு எந்தத் திசையைப் பார்க்கிறது, உள்ளிருந்து முட்டுக் கொடுக்க என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நிவாரணப் படிவத்தில் வீடு யாருடையது என்ற கேள்வியும் குடும்பத் தலைவர் யார் என்ற கேள்வியும் தனித்தனியாக இருக்க வேண்டும். துக்கத்தில் இருப்பவரிடம் ஆறுதல் சொல்லப் போகும் தொண்டர்கள், உயிர் தப்பியதே பெரிது என்ற வாக்கியத்தை விட்டுவிட வேண்டும். அண்ணனைப் போன்றவர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். இறந்தவரின் வீட்டுக்கு ஏதாவது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமா என்று கேட்கலாம். அவருக்கு அன்று தேவைப்பட்டது அந்தக் கேள்விதான்.